வேண்டாத பொருட்களை விற்று வீட்டைக் காலி செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

என் வீட்டை இரண்டு முறை இப்படிக் காலி செய்திருக்கிறேன். அப்புறம் நண்பர்கள், உறவினர்கள் சிலர் வீட்டிலும் கூட நின்று செய்து கொடுத்திருக்கிறேன். புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் வரிசை தெரியாமல்தான் தடுமாறுகிறார்கள். விளம்பரத்தைப் போட்டுவிட்டுச் சார்ஜரைத் தேடுவார்கள். ஆள் வாசலில் வந்து நின்ற பிறகு "இது உண்மையில் ஓடுமா?" என்று யோசிப்பார்கள். அதனால் கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் கடைசித் தேதியைக் குறியுங்கள்

எந்தப் பொருளையும் தொடுவதற்கு முன்னால் காலண்டரில் ஒரு தேதியை வட்டமிடுங்கள். ஆறு வாரம் போதும். முதல் வாரம் பிரிக்க, நான்கு வாரம் விற்க, கடைசி வாரம் மீந்ததை அனுப்ப. அந்தத் தேதிக்குள் பணம் வந்தாலும் வராவிட்டாலும் பொருள் வீட்டை விட்டுப் போயாக வேண்டும்.

தேதி இல்லாவிட்டால் "விற்கப்போகிறேன்" என்பது பொருளை வைத்துக்கொள்ளக் கௌரவமான சாக்காகிவிடும். உறவினர் ஒருவர் வீட்டு நடைப்பயிற்சி இயந்திரம் இரண்டு வருடம் விற்பனையில் இருந்தது. அதில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் மற்றவர்கள் இருந்தால் இந்தத் தேதியையும் விதியையும் அவர்களிடம் இப்போதே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். அடுத்தவர் பொருளை அவருக்குத் தெரியாமல் விற்பது மட்டும் வேண்டாம். வந்த பணத்தைவிடச் சண்டை பெரிதாக இருக்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை

அளக்கும் டேப், ஸ்க்ரூடிரைவர், ஜிப் கவர்கள், எழுதி ஒட்ட ஒரு காகித டேப், மார்க்கர், பழைய துணி, ஒரு நோட்டு. கூரியரில் அனுப்பப் போகிறீர்கள் என்றால் ஒரு சின்னத் தராசு. எடை தெரியாமல் விலை சொன்னால் அனுப்பும் செலவு லாபத்தைத் தின்றுவிடும்.

இதோடு காலியான ஒரு மூலையும் வேண்டும். விற்கிற பொருள் அங்கே போய்விட்டால் திரும்ப எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. படம் எடுத்த மிக்ஸியில் மறுநாள் அரைத்தால் படத்தில் இருப்பது ஒன்று, வாங்க வருபவர் பார்ப்பது வேறொன்று.

3. வகை வகையாகப் பிரியுங்கள்

அறை அறையாகப் போனால் ஒரே பொருள் நான்கு இடத்தில் இருப்பது தெரியாது. வீட்டிலுள்ள எல்லாப் பைகளையும் ஒரே இடத்தில் கொட்டிப் பாருங்கள். ஏழு பை இருப்பது கண்ணில் பட்ட பிறகு எதைக் கொடுப்பது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான்கு குவியல்: வைத்துக்கொள்வது, விற்பது, சும்மா கொடுப்பது, கழிப்பது. முடிவெடுக்க முடியாததை ஒரு பெட்டியில் போட்டு, மேலே இன்றைய தேதியை எழுதி மூடிவிடுங்கள். கடைசித் தேதி வரை அதைத் திறக்கத் தேவைப்படவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது. கடிதம், புகைப்படம், மறைந்தவர்களின் பொருட்களை முதல் நாள் எடுக்காதீர்கள். ஒரு ஆல்பத்தைத் திறந்தால் மாலை போய்விடும்.

எது விற்கும் குவியலுக்குத் தகுதி என்று பார்க்க நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். துடைப்பது, படம் எடுப்பது, கேள்விகளுக்குப் பதில் சொல்வது, ஆள் வரக் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு பொருளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. உங்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு என்ன மதிப்பு என்று நினைக்கிறீர்களோ, அதற்கு மேல் கிடைக்கும் பொருளை மட்டும் தனியாக விற்கலாம். மற்றவற்றைச் சேர்த்துக் கட்டாக விற்க வேண்டும், இல்லாவிட்டால் கொடுத்துவிட வேண்டும். முதல் முறை நான் ஒற்றை ஒற்றைக் கோப்பையாக விற்கப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணடித்தேன்.

4. விற்கவே கூடாதவை

விபத்தில் அடிபட்ட தலைக்கவசம். உள்ளே இருக்கும் தெர்மகோல் போன்ற நுரை, ஒரு முறை நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே உடைந்திருக்கலாம். குழந்தைகளுக்கான கார் இருக்கையும் அப்படித்தான், அதிலும் பெரும்பாலானவற்றுக்குக் காலாவதி தேதி உண்டு, அடியில் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டுக் கம்பி ஏறி இறங்கும் பழைய குழந்தைக் கட்டில்களில் குழந்தைகள் சிக்கி இறந்ததால், அமெரிக்காவில் 2011 முதல் அவற்றைப் புதிதாகவும் பழையதாகவும் விற்கத் தடை. உங்கள் ஊரில் தடை இருக்கிறதோ இல்லையோ, பரணில் அப்படி ஒன்று இருந்தால் கழற்றிப் போட்டுவிடுங்கள்.

வீங்கிய பேட்டரி உள்ள போன், பவர் பேங்க் எதுவும் வேண்டாம். தீப்பிடிக்கக் கூடியது, குப்பையிலும் போடக் கூடாது, மின்கழிவு சேகரிப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். மூட்டைப்பூச்சி வந்த மெத்தை, சோபாவும் வேண்டாம். இரத்தம் கிடைக்காமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் பூச்சி அது. "இப்போது ஒன்றும் கடிப்பதில்லை" என்பதை நம்பி அடுத்தவர் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

5. முதலில் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் துடையுங்கள்

பலர் மணிக்கணக்கில் துடைத்துவிட்டுக் கடைசியில் சுவிட்சைப் போட்டு, வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்கிறார்கள். முதலில் சோதனை, அடுத்து உதிரிகள், கடைசியில் சுத்தம். ஓடாத பொருளைப் பழுது பார்த்து விற்க நினைக்காதீர்கள். பழுதுச் செலவு விலையில் முழுதாகத் திரும்பி வருவது அபூர்வம். "ஓடவில்லை, உதிரிக்காக" என்று எழுதினால் அதற்கும் வாங்க ஆள் உண்டு.

சார்ஜர், ரிமோட், சாவி, கையேடு, ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஜிப் கவரில் போட்டுப் பொருளோடு ஒட்டிவிடுங்கள். ரிமோட்டில் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள், கசிந்தால் உள்ளே இருக்கும் தகட்டை அரித்துவிடும்.

சில பொருட்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

போன்: வரிசை மாறினால் இதில்தான் பெரிய வம்பு. முதலில் தகவல்களைப் பிரதி எடுங்கள். வங்கிச் செயலிகளும், கடவு எண் உருவாக்கித் தரும் செயலிகளும் புதிய போனில் வேலை செய்வதை உறுதி செய்யுங்கள். அடுத்து, உங்கள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். அதற்குப் பிறகுதான் ஃபேக்டரி ரீசெட், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக வாங்கிய நிலைக்குக் கொண்டுபோவது. ஐபோனில் 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதலும், ஆண்ட்ராய்டில் 2015-இல் வந்த 5.1 முதலும் திருட்டுத் தடுப்புப் பூட்டு இருக்கிறது. கணக்கை எடுக்காமல் அழித்தால், வாங்கியவர் போனைத் திறக்கும்போது உங்கள் பழைய கடவுச்சொல்லைக் கேட்கும். என் நண்பர் ஒருவர் இப்படி விற்றுவிட்டு, இரவு பத்து மணிக்கு முன்பின் தெரியாதவர் ஒருவருக்குப் போனில் கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சிம், மெமரி கார்டை எடுத்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணை (போனின் தனி அடையாள எண்) நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், ரசீதுக்கு வேண்டும்.

மடிக்கணினி: கோப்புகளை அழித்துக் குப்பைத்தொட்டியைக் காலி செய்தால் போதாது. அப்போது போவது கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு மட்டும்தான், உள்ளடக்கம் பெரும்பாலும் வட்டிலேயே கிடக்கும். முழு வட்டையும் குறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் அழிக்கும் ரீசெட் கொடுங்கள். எஞ்சியது எதையும் சாவி இல்லாமல் படிக்க முடியாது. அந்த அளவுக்குப் பொறுமை இல்லையா, வட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிடலாம்.

குளிர்சாதனப் பெட்டி: நன்றாகக் குளிர்வதைப் படம் எடுத்துக்கொண்டு, எடுத்துச் செல்லும் நாளுக்கு முந்தைய நாள் அணைத்துப் பனி உருக விடுங்கள். கதவைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும், மூடினால் ஈரம் தேங்கிப் பூஞ்சை வாடை வந்துவிடும். நிற்க வைத்தே ஏற்ற வேண்டும். படுக்க வைத்தால் கம்ப்ரசரில் உள்ள எண்ணெய் குழாய்க்குள் போகும். படுக்க வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்சைப் போடச் சொல்லுங்கள்.

முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரம்: வாங்கியபோது பின்பக்கம் நீண்ட போல்ட்டுகள் இருந்திருக்கும், டிரம் ஆடாமல் பிடிக்க. அவற்றைத் தேடி எடுத்து மாட்டித்தான் ஏற்ற வேண்டும். கீழே உள்ள வடிகட்டியைத் திறந்து தேங்கிய தண்ணீரையும் வடித்துவிடுங்கள், எவ்வளவு சுழல விட்டாலும் கொஞ்சம் மீந்திருக்கும்.

மரச்சாமான்: அகலம், ஆழம், உயரம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். உங்கள் வாசற்படியின் அகலத்தையும் அளந்துவிடுங்கள். உள்ளே வைத்து மாட்டிய அலமாரி முழுதாக வெளியே வராது என்பது ஆள் வந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

புத்தகம்: பாடப் புத்தகங்களை முதலில் விற்றுவிடுங்கள், அடுத்த பதிப்பு வந்த அன்றே விலை போய்விடும். மற்றவற்றை ஆசிரியர் வாரியாகவோ பொருள் வாரியாகவோ கட்டுங்கள். பின்னட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன் எண்ணைப் போட்டால் தேடுகிறவருக்குச் சரியான பதிப்பு கிடைக்கும் (2007-க்கு முந்தியதில் 10 இலக்கம், அதற்குப் பிறகு 13).

6. எங்கே விற்பது

கனமானது, உடையக்கூடியது எல்லாம் அருகிலேயே, நேரில் வந்து எடுத்துச் செல்பவருக்கு. சின்னதும் அரிதானதும் தொலைவில் உள்ளவருக்கு. பழைய லென்ஸ், இசைக்கருவி, நாணயம் போன்றவற்றை அதில் ஈடுபாடு உள்ளவர்களின் குழுவில் போடுங்கள். பொது விளம்பரத்தில் அதன் அருமை தெரியாதவர்கள்தான் அதிகம் கேட்பார்கள். நேரமே இல்லை என்றால் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் வியாபாரியிடம் கொடுக்கலாம். விலை நன்றாகக் குறையும், ஆனால் ஒரே நாளில் முடியும்.

தெரிந்தவர்களுக்கு விற்பதில் எனக்கு விருப்பமில்லை. ஆறு மாதம் கழித்துப் பழுதானாலும் உங்களிடம்தான் வருவார்கள். அவர்களுக்குக் கொடுப்பதென்றால் சும்மாவே கொடுத்துவிடுங்கள்.

7. விலை வைப்பது

இங்கே தடுக்கி விழாதவர்களை நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து. கானமன், நெட்ச், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு சாதாரணக் கோப்பையைக் கொடுத்தார்கள். கையில் கோப்பை உள்ளவர்கள் கேட்ட விலை, இல்லாதவர்கள் தர முன்வந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொஞ்ச நேரம் முன்பு கைக்கு வந்த கோப்பைக்கே இந்தப் பாசம். பத்து வருடம் உட்கார்ந்த நாற்காலிக்கு உங்கள் மனம் சொல்லும் விலையை நம்ப வேண்டாம்.

அதனால் மனதைக் கேட்காமல் சந்தையைப் பாருங்கள். அதே பொருள், அதே மாதிரி எண், அதே நிலையில் என்ன விலைக்கு விற்றது என்று பாருங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலையை எடுத்துக்கொள்ளக் கூடாது. மாதக்கணக்காக அங்கேயே இருக்கும் விளம்பரம் என்றால் அந்த விலைக்கு அது போகாது என்றுதான் பொருள். பல தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் பத்து விளம்பரங்களைக் குறித்துக்கொண்டு, ஒரு வாரத்தில் எவை காணாமல் போயின என்று பாருங்கள்.

நோட்டில் இரண்டு எண்களை எழுதுங்கள். ஒன்று கேட்கும் விலை, இன்னொன்று இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிற விலை. இரண்டுக்கும் நடுவே பத்துப் பதினைந்து சதவீதம் பேரத்துக்கு இடம் விட்டால் போதும். இரண்டாவது எண்ணை முன்கூட்டியே எழுதுவது முக்கியம், ஏனென்றால் ஆள் எதிரே நிற்கும்போது கூச்சத்தில் எதற்காவது தலையாட்டிவிடுவோம். வாங்கிய விலையை இந்தக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அந்தப் பணம் என்றோ போய்விட்டது.

8. படம்

பகல் வெளிச்சம், ஜன்னல் பக்கம், ஃப்ளாஷ் வேண்டாம். ஃப்ளாஷ் அடித்தால் பளபளப்பான இடம் வெளுத்துப்போகும், கீறலை மறைக்கிற மாதிரியும் தெரியும். முன், பின், பக்கவாட்டு, உள்பக்கம், மாதிரி எண் உள்ள ஸ்டிக்கர், அப்புறம் குறை இருக்கும் இடம். மின்சாதனம் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு படம்.

குறையைக் கட்டாயம் எடுங்கள், கிட்டத்தில் போய். படத்தில் பார்த்துவிட்டு வருபவர் அதைக் காட்டிப் பேரம் பேச முடியாது. நேரில் முதல் முறை பார்ப்பவர் அதை வைத்தே பாதி விலை கேட்பார்.

பின்னணியில் என்ன தெரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேசை மேலே முகவரி எழுதிய உறை, சுவரில் குழந்தை படம், கண்ணாடியில் நீங்களே நிற்பது, எல்லாம் அடிக்கடி நடப்பவை. போனில் எடுத்த படக் கோப்புக்குள்ளேயே எடுத்த இடம் பதிந்திருக்கலாம், கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிட்டு எடுங்கள்.

9. விளம்பர வாசகம்

தலைப்பில் பிராண்ட், மாதிரி எண், அளவு. தேடுகிறவர் அடிக்கும் சொற்கள் அவைதான். "அருமையான மேசை" என்று யாரும் தேடுவதில்லை. தலைப்புக்குக் கீழே ஐந்தாறு வரி போதும். இப்படி:

"மர எழுது மேசை, 120 × 60 செ.மீ., உயரம் 75. ஆறு வருடம் பயன்படுத்தியது. மூன்று இழுப்பறை, மூன்றும் சரியாக ஓடுகின்றன, நடு இழுப்பறைக்குச் சாவி இல்லை. வலது மூலையில் கீறல், நான்காவது படத்தில் பார்க்கலாம். கால்கள் கழலும். இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. தூக்க ஆள் அழைத்து வர வேண்டும். வேலை நாட்களில் மாலை 6 முதல் 8 வரை பார்க்கலாம்."

கடைசி மூன்று வாக்கியங்களைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தனியாளாக வந்து மேசையைப் பார்த்து நிற்பவரோடு நீங்களும் மாடிப்படியில் தூக்க வேண்டி வரும். ஏன் விற்கிறீர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பழுது என்று நினைப்பார்கள்.

10. ஐந்து ஐந்தாகப் போடுங்கள்

உற்சாகத்தில் நாற்பது பொருளை ஒரே ராத்திரியில் போட்டவர் ஒருவரைத் தெரியும். மறுநாள் மாலைக்குள் யாருக்கு எதை ஒத்துக்கொண்டோம் என்பதே மறந்து, ஒரே நாற்காலியை இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டார். ஐந்து போடுங்கள், மூன்று போன பிறகு அடுத்த ஐந்து. முதல் ஐந்தில் சுலபமாகப் போகக்கூடியவை இருக்கட்டும். விலை உயர்ந்ததைப் பழகிய பிறகு விற்றால் நஷ்டம் குறைவு.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டு மறைந்துபோகிறவர்கள் நிறைய. அதற்கு "இருக்கிறது" என்று மட்டும் பதில் போடாமல், "இருக்கிறது, இன்று ஆறு மணிக்கா நாளை ஆறு மணிக்கா, எப்போது வர முடியும்?" என்று கேளுங்கள். வருபவர் நேரம் சொல்வார், மற்றவர் தானே விலகிவிடுவார். பொருளைப் பார்க்காமலே "கடைசி விலை என்ன?" என்பவரிடம் நேரில் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லுங்கள். பார்ப்பதற்கு முன்பே விலையை இறக்கினால், வந்து நின்று இன்னொரு முறை இறக்கச் சொல்வார்.

முன்பணம் தராத யாருக்காகவும் ஒரு நாளுக்கு மேல் எடுத்து வைக்காதீர்கள். இரண்டாவதாகக் கேட்டவரின் எண்ணையும் நோட்டில் வைத்திருங்கள்.

11. பணமும் ஒப்படைப்பும்

கையில் தூக்கிப் போகக் கூடியதை ஆள் நடமாட்டம் உள்ள பொது இடத்தில், பகலில் கொடுங்கள். பெரிய பொருள் என்றால் வாசல் அருகே நகர்த்தி வைத்து, வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரத்தில் வரச் சொல்லுங்கள். வீடு முழுக்கச் சுற்றிக் காட்டத் தேவையில்லை.

பணம் அனுப்பியதாகக் காட்டும் படத்தை நம்பாதீர்கள், அதை யாரும் செய்துவிடலாம். உங்கள் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகே பொருளைக் கையில் கொடுங்கள். பணம் பெறுவதற்கு உங்கள் பின் எண்ணோ, போனுக்கு வந்த கடவு எண்ணோ ஒருபோதும் தேவைப்படாது. யாராவது கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். கேட்டதைவிட அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்பவரும் அப்படித்தான். முதலில் வந்ததாகத் தெரிந்த பணம் பிறகு செல்லாமல் போகும், நீங்கள் அனுப்பியது மட்டும் உண்மையாக இருக்கும்.

போன், கணினி, வாகனம் என்றால் ஒரு சின்ன ரசீது எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: பொருள், தொடர் எண், தேதி, தொகை, "இப்போதைய நிலையில் பார்த்து வாங்கியது" என்ற ஒரு வரி. வாகனத்துக்கு இது போதாது, பெயர் மாற்றத்தை அதற்கான அலுவலகத்தில் முடித்தே ஆக வேண்டும். முடிக்காவிட்டால் அபராதச் சீட்டு உங்கள் பெயருக்குத்தான் வரும்.

வாங்குபவர் முன்னாலேயே ஒரு முறை ஓட்டிக் காட்டுங்கள். ஐந்து நிமிடம் ஆகும், ஆனால் மறுநாள் வரும் அழைப்பு குறையும்.

12. போகாதவை

ஒரு வாரம் யாருமே கேட்கவில்லை என்றால் முதல் படத்தையும் தலைப்பையும் மாற்றுங்கள். நிறையப் பேர் பார்த்தும் வாங்கவில்லை என்றால் கோளாறு விலையில்தான், பதினைந்து சதவீதம் இறக்குங்கள். அடுத்த வாரமும் அப்படியே என்றால் இன்னொரு முறை. மூன்றாம் முறை இறக்காமல், ஓடிப்போகும் பொருளோடு சேர்த்துக் கட்டாக்குங்கள்: மேசையோடு விளக்கு, போனோடு பழைய ஹெட்போன்.

கடைசி வாரம் வந்ததும் மீந்ததற்கு "இலவசம், இந்த வாரத்துக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று போடுங்கள். சும்மா கிடைக்கிறது என்றால் சொல்லிவிட்டு வராதவர்கள் அதிகம். எனவே முதலில் கேட்டவருக்கு என்று சொல்லாமல், முதலில் வந்து எடுப்பவருக்கு என்று எழுதுங்கள். அதற்கும் ஆள் வராதவற்றில் துணி, பாத்திரம் தேவைப்படும் அமைப்புக்கு. ஆனால் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு எடுத்துச் செல்லுங்கள், கிழிந்ததைத் தூக்கிப் போடும் வேலையை அவர்கள் தலையில் கட்ட வேண்டாம். மின்சாதனம் மின்கழிவுக்கு, இரும்பு பழைய இரும்புக் கடைக்கு.

வட்டமிட்ட நாளில் மூலை காலியானதும், எல்லா விளம்பரங்களையும் திறந்து ஒவ்வொன்றாக நீக்குங்கள். நான் ஒரு முறை மறந்துவிட்டேன். எப்போதோ விற்றுப்போன சைக்கிளுக்கு எட்டு மாதம் கழித்தும் "இன்னும் இருக்கா?" வந்துகொண்டிருந்தது.